ஐந்து கிலோ வேப்பங்கொட்டையும் நூறு லிட்டர் தண்ணீரும்

ஆடி மாதத்தில் பிள்ளைச்சாவடி போன்ற புதுச்சேரிக் கடலோர ஊர்களின் வழியே நீங்கள் நடந்து சென்றால், வேப்பமரத்தடிகளில் மஞ்சள் நிறப் பழங்கள் உதிர்ந்து கிடப்பதைக் காணலாம். காக்கையும் மைனாவும் தின்றதுபோக எஞ்சியவை வாசல் பெருக்கும்போது குப்பையோடு குப்பையாகப் போய்விடுகின்றன. சில கல் தொலைவில், நெல்லும் கரும்பும் விளையும் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலும், அவற்றைச் சூழ்ந்துள்ள விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலும், நெல்லுக்குப்பின் பருத்தி விதைக்கும் காரைக்காலிலும் உழவர்கள் பூச்சிமருந்துக் கடையில் கடன்சொல்லி நிற்கிறார்கள். இந்த இரண்டு காட்சிகளையும் இணைத்துப் பார்க்கும் எவருக்கும், "குப்பையில் போகும் வேப்பங்கொட்டையை வயலுக்குக் கொண்டுபோனால் என்ன?" என்ற கேள்வி எழுவது இயற்கை.

அந்தக் கேள்விக்கு விடையாகப் பல ஆண்டுகளாக ஒரு துண்டுப் பிரசுரம் நம்மிடையே உலவி வருகிறது. அச்சிடுவோர் மாறலாம், தாளின் நிறம் மாறலாம். சாரம் மாறுவதில்லை. வேப்பங்கொட்டை ஐந்து கிலோ, தண்ணீர் நூறு லிட்டர், கொஞ்சம் சோப்பு. இடித்து, ஊறவைத்து, வடிகட்டித் தெளித்தால் பருத்தியின் பூச்சிகள் யாவும் ஒழியும். கூடவே டிரைக்கோகிரம்மா அட்டை கட்டுக, என்.பி.வி. வைரஸ் தெளிக்க, இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசலும் பயன்படுத்தலாம் என்று சில வரிகள். இறுதியில், "இவை இயற்கையானவை; ஆகவே தீங்கற்றவை" என்று ஒரு முத்தாய்ப்பு.

வாசகர்களே, இந்தப் பிரசுரத்தின் நோக்கத்தை நான் குறை கூறவில்லை. அது சொல்லும் பொருள்கள் அனைத்தும் ஆய்வில் தேறியவை, அல்லது தேறக்கூடியவை. குறை வேறிடத்தில் இருக்கிறது. அளவைச் சொல்லும் இப்பிரசுரம் காலத்தைச் சொல்வதில்லை. பொருளைச் சொல்கிறது, அதன் வயதையும் தன்மையையும் சொல்வதில்லை. உயிரியல் முறைகளையும் இரசாயன நஞ்சைப் போலவே டப்பாவைத் திறந்து தெளிக்கும் சரக்காகக் கருதுகிறது. இதை நம்பித் தெளித்து ஒரு பருவம் தோற்ற உழவர் மறுபருவம் கடைக்குத் திரும்புகிறார். பழி வேம்பின்மேல் விழுகிறது. இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை முதலில் பார்ப்போம்.

பருத்தி தந்த பாடம்

1990களில் இந்தியாவின் சாகுபடி நிலத்தில் பருத்தி ஏறத்தாழ 5 சதம்தான். ஆனால் நாட்டில் தெளிக்கப்பட்ட பூச்சிக்கொல்லியில் ஏறக்குறைய பாதி அந்தப் பயிர்மீதே கொட்டப்பட்டது. அவ்வளவு கொட்டியும் பூச்சி ஒழிந்ததா என்றால், இல்லை என்பதே வரலாறு.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் கன்யேத்தே பள்ளத்தாக்கு இதற்குப் பழைய சான்று. அங்கே 1949 முதல் டி.டி.டி., பி.எச்.சி. போன்ற மருந்துகளைப் பருத்தியில் தாராளமாகத் தெளித்தார்கள். முதல் சில ஆண்டுகள் விளைச்சல் உயர்ந்தது. பிறகு பூச்சிகள் நஞ்சைத் தாங்கப் பழகின. அவற்றை உண்டு வாழ்ந்த நன்மை செய்யும் பூச்சிகளோ மடிந்தன. முன்பு பொருட்படுத்தத் தேவையில்லாமல் இருந்த பூச்சிகளும் பெரும் பகையாயின. 1956ஆம் ஆண்டுக்குள் விளைச்சல் சரிந்து விழுந்தது. அதன்பின் உழவர்களே கூடி, நஞ்சைக் கட்டுப்படுத்தி, இயற்கை எதிரிகளைத் திரும்பக் கொண்டுவந்து மீண்டார்கள்.

இதே நாடகம் நம் அண்டையிலும் அரங்கேறியது. 1980களின் தொடக்கத்தில் செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகள் ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களின் பருத்தி வயல்களில் புகுந்தன. சில ஆண்டுகளில் வெள்ளை ஈ வெள்ளமெனப் பெருகிற்று. 1987இல் பச்சைக் காய்ப்புழு அம்மருந்துகளுக்கு அசையாமல் நின்றது. 1987-88இல் கடன்பட்ட பருத்தி உழவர் பலர் பிரகாசம் மாவட்டத்தில் தற்கொலை செய்துகொண்டனர்.

2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. காய்ப்புழுக்களுக்கு எதிரான தெளிப்பு சில ஆண்டுகள் குறைந்ததும் உண்மையே. எனினும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதன் முதல் மரபணுவை வென்றது 2010க்குள் தெரிந்துவிட்டது. சில ஆண்டுகளில் இரட்டை மரபணு கொண்ட இரகத்தையும் அது தாங்கத் தொடங்கியது. சாறுறிஞ்சும் பூச்சிகளோ பி.டி. நச்சுக்கு என்றுமே அடங்கியவை அல்ல. 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தபோது நஞ்சு தாக்கி 20க்கும் மேற்பட்ட உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

ஆகவே மாற்று வழி தேவை என்பதில் ஐயமில்லை. தேவை இவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் மாற்று வழியை அரைகுறையாகச் சொல்வது குற்றமாகிறது. இனி அந்தப் பிரசுரத்தின் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

கொட்டையா, பருப்பா?

ஐந்து சதக் கரைசல் என்று ஆய்வு நிலையங்கள் பரிந்துரைப்பது வேப்பங்கொட்டையின் ஓட்டை நீக்கி எடுத்த பருப்பைக் கொண்டு தயாரித்தது. நூறு லிட்டருக்கு ஐந்து கிலோ பருப்பு. பத்து லிட்டர் பிடிக்கும் ஒரு டேங்கிற்கு அரை கிலோ பருப்பு. நம் பேச்சில் கொட்டை என்றால் ஓட்டோடு சேர்ந்தது. பிரசுரமோ "வேப்பங்கொட்டை ஐந்து கிலோ" என்று நிறுத்திவிடுகிறது.

வேப்பம்பழத்தின் எடையில் ஓடு ஏறக்குறைய 18 சதம். பருப்பு 10 சதம். தோலும் சதையும்தான் மீதி முழுவதும். அதாவது கொட்டையின் எடையில் பருப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஓட்டோடு ஐந்து கிலோ நிறுத்து இடித்தவரின் கரைசலில் இருப்பது ஒன்றேமுக்கால் கிலோ பருப்பு மட்டுமே. அவர் ஐந்து சதம் என்று நினைத்துத் தெளித்தது இரண்டு சதம்கூட இல்லை. ஒரு சொல் செய்த பிழை இது.

அடுத்து, எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு. வளர்ந்த பருத்தி ஏக்கருக்கு ஒரு தெளிப்புக்கு 200 லிட்டர் கரைசல் கேட்கும். அதற்கு 10 கிலோ பருப்பு. அதை எடுக்க ஏறத்தாழ 100 கிலோ பழம். நன்கு வளர்ந்த வேப்பமரம் ஆண்டுக்கு 30 முதல் 50 கிலோ பழம் தரும். ஆக, ஓர் ஏக்கருக்கு ஒரு தடவை தெளிக்கவே இரண்டு மூன்று மரங்களின் முழு மகசூலும் தேவை. மூன்று தடவைக்கு ஆறு முதல் பத்து மரங்கள். பிரசுரத்தில் இந்தக் கணக்கு இல்லை. வயலோரம் ஒற்றை வேம்பு வைத்திருப்பவர் இரண்டு கூடை கொட்டையைப் பொறுக்கி ஐந்து ஏக்கருக்குத் தெளித்துவிட்டு, "பலன் இல்லை" என்று கைவிடுவதில் வியப்பென்ன?

வேம்புக்கும் வயது உண்டு

வேம்பின் ஆற்றலை விஞ்ஞானம் உறுதிசெய்த கதை சுவையானது. 1962இல் தில்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ். பிரதானும் உடன் ஆய்வாளரும், மிகக் குறைந்த அளவு வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிரைப் பாலைவன வெட்டுக்கிளிகள் தின்ன மறுத்ததைக் கண்டறிந்தனர். 1968இல் இங்கிலாந்தில் பட்டர்வொர்த்தும் மார்கனும் அந்தப் பருப்பிலிருந்து முதன்மையான பொருளைப் பிரித்தெடுத்தனர். அசாடிராக்டின் என்பது அதன் பெயர்.

இந்த அசாடிராக்டின் கல்லில் பொறித்த எழுத்தன்று. பருப்பில் அது காலப்போக்கில் குறையும். ஈரமும் பூஞ்சணமும் பட்டால் விரைவில் குறையும். தெளித்தபின் வெயிலில் சில நாட்களில் சிதைந்துபோகும். சேகரித்து மூன்று மாதம் முதல் எட்டு மாதம் வரையான கொட்டையையே பயன்படுத்துமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அறிவுறுத்துகிறது. துண்டுப் பிரசுரமாகச் சுருங்கும்போது முதலில் உதிர்ந்து விழும் வரி இதுதான்.

அந்த ஒரு வரி இல்லாவிட்டால் என்ன ஆகும்? விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். கொட்டை சேகரிப்பது ஆடியில் என்று கொள்வோம். ஆவணியில் விதைத்த பருத்தி ஐப்பசியில் மொட்டு வைக்கும். அப்போது கொட்டைக்கு வயது மூன்று மாதம். பொருத்தம் சரியாக அமைகிறது. காரைக்கால் பக்கம் நெல் அறுவடைக்குப்பின் தை, மாசியில் விதைக்கும் பருத்திக்குக் காய்ப்புழுத் தொல்லை சித்திரை, வைகாசியில் வரும். ஆடியில் பொறுக்கிய கொட்டைக்கு அப்போது ஒன்பது, பத்து மாதம் ஆகியிருக்கும். எட்டு மாத எல்லை பங்குனியோடு முடிந்துவிட்டது. எந்த வேளையில் தேவை மிகுதியோ அந்த வேளையில் சரக்கு பழையது.

ஒரே பிரசுரத்தை இரண்டு பட்டத்து உழவருக்கும் கொடுப்பது எவ்வளவு பேதைமை என்பது இப்போது விளங்கும். ஆவணிப் பட்டத்தாருக்கு வீட்டுக் கரைசலே போதும். மாசிப் பட்டத்தார் வீட்டுக் கொட்டையைப் பங்குனி வரையில் பயன்படுத்திவிட்டு, பின்னர் அசாடிராக்டின் அளவும் தயாரித்த தேதியும் அச்சிட்ட வேம்பு மருந்தை வாங்குவதே முறை. இத்தகைய மருந்துகள் 300, 1,500, 10,000 பி.பி.எம். என்று பல வலிமைகளில் வருகின்றன. வலிமைக்கேற்ப விலையும் அளவும் மாறும். "வேப்பெண்ணெய் மருந்து ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதற்கு ஒப்பாகும்.

சேமிக்கும் முறையும் இதில் சேரும். பழத்தின் சதையைக் கழுவி நீக்கி, கொட்டையை நிழலில் உலர்த்தி, காற்றோட்டமுள்ள சாக்கில் வைக்க வேண்டும். பாலிதீன் பையில் ஈரத்தோடு கட்டி வைத்தால் பூஞ்சணம்தான் மிஞ்சும்.

மறுநாள் செத்த புழு எங்கே?

இரசாயன மருந்து அடித்த மறுநாள் காலை வயலுக்குப் போனால் புழு செத்துக் கிடக்கும். நாற்பது ஐம்பது ஆண்டுகளாக நம் உழவர் கண்டு பழகிய சான்று இது. வேப்பங்கரைசல் தெளித்த மறுநாளும் அவர் அதையே தேடுகிறார். புழு உயிரோடு ஊர்வதைக் கண்டதும் நம்பிக்கை போய்விடுகிறது.

வேம்பு பெரும்பாலும் அவ்விதம் கொல்வதில்லை. இலையைத் தின்னவிடாமல் விரட்டுகிறது. தாய் அந்துப்பூச்சி முட்டையிடுவதைத் தடுக்கிறது. புழுவின் உடலில் தோலுரிப்பை நடத்தும் ஹார்மோன் அமைப்பைக் குழப்புகிறது. தோலுரிக்க முடியாத இளம்புழு சில நாட்களில் மடியும், அல்லது ஊனமுற்று நிற்கும். முற்றிய புழுவுக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. எனவே வேம்பை முட்டைப் பருவத்திலும் இளம்புழுப் பருவத்திலும் மாலை வேளையில் தெளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மொட்டுச் சேதத்தை எண்ணிப் பார்த்தே பலனை அளக்க வேண்டும். "மறுநாள் செத்த புழுவைத் தேடாதீர்கள்" என்று பிரசுரத்தில் ஒரு வரி இருந்திருந்தால் எத்தனையோ உழவர் வேம்பைக் கைவிட்டிருக்க மாட்டார்கள்.

உயிருள்ள மருந்துகள்

காலம் தவறினால் முற்றிலும் வீணாவது டிரைக்கோகிரம்மா. இது அரை மில்லிமீட்டர் அளவேயுள்ள குளவி. அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். புழு வெளிவர வேண்டிய முட்டையிலிருந்து எட்டுப் பத்து நாளில் குளவி வெளிவரும். நெல் அந்துப்பூச்சியின் முட்டைகளில் இக்குளவியை வளர்த்து அட்டையில் ஒட்டித் தருகிறார்கள். விதைத்த 45ஆம் நாள் முதல் பதினைந்து நாளுக்கொருமுறை மூன்று தடவை கட்டுவது வழக்கமான பரிந்துரை.

கவனியுங்கள்: இக்குளவி முட்டையை மட்டுமே தாக்கும். புழுவைத் தொடாது. பச்சைக் காய்ப்புழுவின் முட்டை மூன்று நான்கு நாளில் பொரித்துவிடும். புழுவைக் கண்டபின் அட்டை வாங்கப் போவது வெள்ளம் வந்தபின் அணை போடும் கதைதான். அந்துப்பூச்சி வருவதை முன்கூட்டியே அறிய இனக்கவர்ச்சிப் பொறி வேண்டும். அட்டையில் குளவி வெளிவரும் தேதி எழுதியிருக்க வேண்டும். அட்டை கட்டிய வாரத்தில் நஞ்சு தெளிக்கக் கூடாது. இந்த மூன்றும் இல்லாமல் "அட்டை கட்டுக" என்று எழுதுவது, காசைக் கரியாக்கச் சொல்வதேயாகும்.

வைரஸ் கதையும் இத்தகையதே. பச்சைக் காய்ப்புழுவுக்கு ஒரு வைரஸ். புரோடீனியா எனப்படும் புகையிலை வெட்டுப்புழுவுக்கு வேறொரு வைரஸ். ஒன்று மற்றதற்குப் பயன்படாது. பிரசுரமோ வெறுமனே "என்.பி.வி." என்கிறது. புழு இதைத் தின்றால்தான் நோய் பற்றும். ஆகவே கரைசலில் வெல்லம் சேர்க்கிறார்கள். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் வைரஸைச் சிதைக்கும். ஆகவே மாலையில் தெளிக்கிறார்கள். சிறிய புழு சில நாட்களில் செடியின் உச்சியில் தலைகீழாகத் தொங்கிச் சாகும். பெரிய புழு தப்பிவிடும்.

பி.டி. பாக்டீரியாவை 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா நோயுற்ற பட்டுப்புழுவில் கண்டார். 1911இல் ஜெர்மனியில் பெர்லினர் மாவு அந்தின் புழுவில் கண்டார். புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் அதன் நச்சுப் படிகம் கரைந்து குடற்சுவரைத் துளைக்கிறது. முதலில் பட்டுப்புழுவில் கண்டது என்பதை மறவாதீர்கள். பட்டுவளர்ப்பு நடக்கும் ஊரில் மல்பெரித் தோட்டத்தருகே இதைத் தெளிக்கக் கூடாது என்பதை அந்த வரலாறே சொல்லிவிடுகிறது.

இந்தப் பாக்டீரியாவின் இன்னொரு வகை 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அது கொசுப்புழுவைக் கொல்லும். புதுச்சேரியிலேயே 1975 முதல் இயங்கிவரும் நோய்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் அவ்வகையில் ஒன்றைத் தானே உருவாக்கி, தயாரிப்பு முறையை நிறுவனங்களுக்கு அளித்துள்ளது. அங்கே வேலை எப்படி நடக்கிறது? குட்டையில் அகப்பையை விட்டு மொண்டு, எத்தனை புழு, எந்தப் பருவத்துப் புழு என்று எண்ணுகிறார்கள். பிறகு தெளிக்கிறார்கள். பிறகு மறுபடியும் எண்ணுகிறார்கள். கொசுவுக்குக் காட்டும் இந்தக் கண்டிப்பைப் பருத்தி வயலில் ஏன் காட்டுவதில்லை என்பதே என் கேள்வி.

செடியிலிருந்து வந்தால் தீங்கற்றதா?

பிரசுரத்தின் முத்தாய்ப்பு வரிக்கு வருவோம். "இயற்கையானது; ஆகவே தீங்கற்றது." இதைவிட அபாயமான வாக்கியம் வேறில்லை.

புகையிலைக் கஷாயம் பழைய பூச்சிமருந்துதான். அதிலுள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவே மனித உடலுக்குள் செல்லக்கூடிய கடும் நஞ்சு. நிக்கோட்டின் சல்பேட்டைப் பூச்சிக்கொல்லியாகப் பயன்படுத்துவது இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. இலைக் கரைசல்களில் சேர்க்கச் சொல்லும் ஊமத்தையும் எருக்கும் மனிதனைக் கொல்லவல்ல செடிகள் என்பதை நம் பாட்டிமார் அறிவார்கள். இவற்றைக் காய்ச்சிய பாத்திரத்தையே மறுநாள் சமையலுக்கு எடுத்தால் விளைவு என்ன என்று பிரசுரம் சொல்ல வேண்டாமா?

இன்னொன்றையும் சிந்தியுங்கள். ஒருவகைச் சாமந்தியின் உலர்ந்த பூவில் பைரித்திரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. அது வெயிலில் விரைவில் சிதைந்துவிடும். அதைக் குறையெனக் கருதி, வெயிலைத் தாங்கும்படி அதே அமைப்பில் செயற்கைப் பொருள் செய்ய முயன்றார்கள். 1973இல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் பெர்மெத்ரினை உருவாக்கினார்கள். ஆந்திரத்தில் வெள்ளை ஈயைப் பெருக்கிய பைரித்திராய்டுகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அதுபோல, 1990களில் பருத்திக்கு வந்த இமிடாகுளோபிரிட் முதலியன நிக்கோட்டின் தாக்கும் அதே நரம்பிடத்தைத் தாக்குபவை. தேனீக்களுக்கு ஏற்படும் கேட்டைக் கருதி இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று மருந்துகளைத் திறந்த வெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்தது.

இந்த இரண்டு பெரும் செயற்கை நஞ்சுக் குடும்பங்களில் ஒன்று செடியின் நஞ்சை ஒட்டியே எழுந்தது; மற்றது செடியின் நஞ்சு தாக்கும் இடத்தையே தாக்குவது. பிறப்பிடம் ஒரு பொருளுக்கு நற்சான்றிதழ் ஆகாது. எதைத் தாக்குகிறது, எவ்வளவு நாள் நிற்கிறது, எத்தனை முறை தெளிக்கிறோம் என்பவையே அதன் குணத்தை முடிவு செய்கின்றன. தேவையோ இல்லையோ வாரம் ஒருமுறை அடிப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டால் வேப்பங்கரைசலும் வீண் செலவாகும்.

இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசல்களைப் பற்றியும் ஒரு சொல். அசுவினி போன்ற மென்மையான பூச்சிகளை அவை விரட்டலாம். "அனைத்துப் பூச்சிகளுக்கும்" என்று அச்சிடுவதற்கு மட்டும் ஆதாரம் வேண்டும். குறிப்பாக இளஞ்சிவப்புக் காய்ப்புழு முட்டையிலிருந்து வந்த ஓரிரு நாளிலேயே காய்க்குள் புகுந்து துளையை அடைத்துக்கொள்ளும். பிறகு வேம்பும் வைரஸும் மிளகாயும் அதை எட்டா. பருத்தியை மறுதாம்பு விடாமல் காலத்தில் முடித்தல், எஞ்சிய காய்களை ஆடு மாடு விட்டு மேய்த்தல், மாரை வயலோரம் குவித்து வைக்காமல் அழித்தல், பொறி வைத்துக் கண்காணித்தல் ஆகியவைதான் அங்கே மருந்து. இவற்றில் எதுவும் டப்பாவில் விற்கப்படுவதில்லை.

எப்படி எழுத வேண்டும்?

குறை சொன்னவன் வழியும் சொல்ல வேண்டும். ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் இருந்த புனுகுல என்னும் சிற்றூரில் பருத்தியே முதன்மைப் பயிர். மருந்துக் கடனும் மிகுதி. 1999 முதல் அவ்வூரார் தொண்டு நிறுவனங்களின் துணையோடு வேறு வழியை நாடினார்கள். கோடை உழவு, பொறிகள், பறவைகள் அமரக் குச்சிகள், வேப்பம்பருப்புக் கரைசல் என்று பலவற்றையும் இணைத்தார்கள். ஒருவர் இருவராகத் தொடங்கி ஊர் முழுவதும் சேர்ந்தது. 2003ஆம் ஆண்டுக்குள் ஊர் இரசாயனப் பூச்சிக்கொல்லியை விட்டது. வேப்பங்கொட்டை சேகரிப்பதும் தூளாக்குவதும் பெண்களுக்கு வேலையாயிற்று. அங்கே வென்றது ஐந்து கிலோ கொட்டை மட்டுமன்று. ஊரே கூடிக் கவனித்த கவனிப்பும் சேர்ந்து வென்றது.

எனவே நல்ல பிரசுரம் பூச்சியிலிருந்து தொடங்க வேண்டும். எந்தப் பூச்சி, எந்தப் பருவம், எத்தனை இருந்தால் தெளிப்பது என்பது முதல் பத்தி. வெள்ளை ஈ இலைக்கு ஐந்து முதல் பத்து, இளஞ்சிவப்புக் காய்ப்புழுச் சேதம் மொட்டு, பூ, காய்களில் பத்து சதம் என்பன போன்ற சேத எல்லைகள் ஆய்வு நிலையங்களில் இருக்கின்றன. அவற்றை அச்சிட இரண்டு வரி போதும். அடுத்து, அந்தந்தப் பட்டத்துக்கு உரிய நாட்காட்டி. அதற்கடுத்து, எது பயன்படாது என்ற பட்டியல். கடைசியில் தயாரிப்பு முறை. ஒரே தாளில் இவ்வளவும் அடங்கும்.

வாசகர்களே, உங்களில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள், பலர் ஆசிரியர்கள். இந்தப் பருவத்தில் ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். வயலில் நான்கு வரிசைக்கு எந்தக் கரைசலும் தெளிக்காமல் விட்டுவிடுங்கள். மற்ற இடத்தில் தெளியுங்கள். இரண்டு பகுதியிலும் வாரம் ஒருமுறை இருபது செடிகளைப் பார்த்து, முட்டை, புழு, பொறிவண்டு, சேதமான மொட்டு ஆகியவற்றை எண்ணி நோட்டில் குறித்து வாருங்கள். பொறிவண்டும் சிலந்தியும் மிகுந்து, தெளிக்காத வரிசையிலும் சேதம் ஏறவில்லையென்றால் அந்த வாரம் எதுவும் தெளிக்கத் தேவையில்லை என்று உங்கள் நோட்டே சொல்லும். அந்த விடையை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். வருத்தம் என்னவென்றால், நம் பிரசுரங்களும் சொல்வதில்லை.

பிள்ளைச்சாவடித் தெருவில் உதிரும் வேப்பம்பழத்துக்குப் பருத்தி வயலில் நிச்சயமாக இடம் உண்டு. பருத்தி இல்லாத கடலோர ஊர் கொட்டையைச் சேர்த்து உலர்த்திக் கொடுத்தால், பருத்தி ஊருக்கு மருந்தும் கடலோரப் பெண்களுக்கு வருமானமும் கிடைக்கும். சாக்கின்மேல் சேகரித்த மாதத்தை மட்டும் மறவாமல் எழுதிவிடுங்கள். அந்த ஒரு குறிப்பு இல்லாத சாக்கு, என்ன நோய்க்கு என்று எழுதாத மருந்துப் புட்டியைப் போன்றது.